முயல்காது முடிச்சு

மத்திய வீதியில் எங்கள் புடைவைக்கடையில்
பை கட்டுவது என் வேலை.
சாரி என்றால் பெரிய மஞ்சள்,
பிள்ளைச் சட்டை என்றால் சின்ன மஞ்சள்,
உள்ளாடைக்குக் கறுப்பு, கண் படாமல்.
வாயை முறுக்கி இரண்டு சுற்று,
மேலே இரண்டு காது.
முயல் மாதிரி இருக்கு என்று சின்னதுகள் சிரிக்கும்.
அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான்
முதலாளி ஐந்நூறு கூட்டினவர்.

ஆறு வருசம்.
ஒரு நாளைக்கு இருநூறு பை என்றாலும்…
நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் மான் காட்டில் இல்லை.
கச்சான்காரியின் தட்டோடு,
ஓட்டோ நிற்பாட்டும் இடத்தோடு,
கடற்கரையில் சோளம் அவிக்கும் புகையோடு நிற்கும்.
சோற்று மணம் பிடித்த லஞ்ச் சீற் என்றால் உயிர்.

ஆவணியில் ஒன்று
பஸ் நிலையத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.
மிருக வைத்தியர் துஷாரி
கையுறையோடு குந்தியிருந்து வயிற்றைத் திறந்தா.
வேலைக்குப் போகிற அவசரத்திலும்
எல்லாரையும் போல நானும் எட்டிப் பார்த்தேன்.
பந்து மாதிரி ஒன்று வந்தது.
நகரசபைப் பிலோமின்ராசா தடியால் விரித்தான்:
நைலோன் கயிறு, யோகட் மூடி,
சம்பு பக்கெற், செருப்பு வார்,
பிறகு மஞ்சள்.

மை போயிருந்தது. கடைப் பெயர் போயிருந்தது.
பையில் அச்சடித்த மாப்பிள்ளையின்
அரைவாசிச் சிரிப்பு மட்டும் மிச்சம்.
முடிச்சு அவிழவில்லை.
இரண்டு சுற்று. இரண்டு காது.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
நான் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்குக் கடையில்
ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்.
சனமென்றால் சனம்.
எத்தனை முடிச்சுப் போட்டேனோ.

இரவு மட்டிக்களி வீட்டில் அலுமாரியைத் திறந்தேன்.
ஒன்பது தவணை கட்டின யூஸ் மெசின்,
இரண்டு தரம் அடித்தது.
பெட்டி உடைக்காத இன்னொரு ரைஸ் குக்கர்.
விலைச்சீட்டோடு நான்கு சாரி,
ஒன்றின் நிறம் எனக்கே மறந்துபோனது.
மெத்தையைத் தூக்கினால்
பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை.
மடித்து வைத்த வயிறு.

யதுகரன் நித்திரையில்லாமல் கேட்டான்:
மானுக்குச் சத்தி வராதா அம்மா?

அடுத்த நாள் மேசையில் நின்று
பை வேணுமா என்று கேட்கத் தொடங்கினேன்.
ஒருத்தி முறைத்தாள்:
எங்க எடுத்ததெண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமோ?
பதினொரு பேர் வேண்டாம் என்றார்கள்.
முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
கேக்கிறதுக்கில்லை பிள்ளை,
குடுக்கிறதுக்குத்தான் சம்பளம்.
அவர் சொல்வதும் உண்மை.
இந்தக் கடையில் விற்றால்தான் என் வீட்டில் உலை.
அதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை.

தீபாவளிக்கு ஒன்றும் எடுக்கவில்லை.
ரைஸ் குக்கரை ரிஸ்மியாவின் தங்கச்சிக்குக் கொடுத்தேன்.
பழைய ரோசாப்பூச் சாரிக்கு போல்ஸ் மாற்றித் தைத்து
அதையே உடுத்திக் கோயிலுக்குப் போனேன்.
யாராவது கேட்பார்கள் என்று
மறுமொழியும் பாடமாக்கி வைத்திருந்தேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
அப்ப இவ்வளவு காலமும்
ஆருக்காக வாங்கினேன்?

நேற்றுக் கிண்ணியாவிலிருந்து ஒருவர்
நீலச் சேட் ஒன்று எடுத்தார்.
பை வேணுமா என்றேன்.
யோசித்தார்.
அந்த இடத்திலேயே பழையதைக் கழற்றித் தோளில் போட்டு
புதியதை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.
வாசலில் நின்ற மான்
அவர் இரண்டு கையையும் மணந்து பார்த்து
ஒன்றுமில்லை என்று விலகிப் போனது.

அவர் முதுகில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.
கத்தரிக்க மறந்துபோனேன்.
கூப்பிடலாம் என்று கையைத் தூக்கினால்
பிடிக்க ஒன்றுமில்லாத விரல்கள்
காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றின.