முப்பத்தொன்பது

சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.
காலையில் கால் பொய் சொல்லும்,
பொழுது சாயச் சாயத்தான்
தன் அசல் அளவுக்கு வீங்கி வரும் என்று.
ஒந்தீனா சிரிக்கவில்லை.
எழுபத்துமூன்று வயதுப் பெண்ணிடம்
தொலைபேசியில் சொல்கிற சங்கதியா அது?

திரியெஸ்தேயில் அன்றைக்கும் போரா அடித்தது.
மேட்டிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகிற காற்று.
வழியில் நிற்பது யார் என்று பார்க்காது.
போன மாதம் இதே காற்றில்தான்
மருந்துக்கடைச் சரிவில் விழுந்தாள்,
முட்டைகளோடு.
பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்று பெயர் உண்டு.
ஒரு கால் இன்னொரு காலை வாரிவிட்டது என்று
நான் எழுதிக்கொள்ளலாம்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
அவளுக்கு வலித்தது முழங்கால்.

எஜீதியோ மண்டியிட்டார்.
அவர் முழங்காலும் சத்தம் போட்டது.
"என்ன அளவு, சின்யோரா?"
"முப்பத்தேழு."
பெயர் சொல்வதுபோல் சொன்னாள்.
வாசனைத் தைலக் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம்
ஏழு சென்டிமீட்டர் குதிகாலில் நின்ற
முப்பத்தேழு.

இரும்புத் தகடு ஜில்லென்றிருந்தது.
எஜீதியோ குச்சியை நகர்த்தினார்,
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்,
இறக்கிவிட்டு இன்னொரு தரம் குனிந்தார்.
"முப்பத்தொன்பது. இடது கொஞ்சம் கூடவே."
"தகடு தேய்ந்திருக்கும்."
"தகடு அப்படியேதான் இருக்கிறது, சின்யோரா.
கால்தான் பரவும்."

அவள் எதுவும் பேசவில்லை.
எஜீதியோ பெட்டி எடுக்க உள்ளே போனார்.

கடற்கரைக்குப் போய்ப் பாதியில் திரும்பிய ஞாயிறுகள்.
மருமகளின் தங்கை கல்யாணத்தில்
நடனமாட எழாமல்
கேக்கைத் தின்றுகொண்டே இருந்தது.
லிபெரோவின் அடக்கத்தன்று
அழுததில் பாதி அவருக்கு,
பாதி சுண்டுவிரலுக்கு.
வயசாகிறது அல்லவா என்றார் டாக்டர்.
இரண்டு எண்.
வெறும் இரண்டு எண்.

வந்தது சாம்பல் நிறம்.
நனைந்த சிமெண்ட்.
முன்பக்கம் வாத்து மூக்கு போல அகலம்,
மேலே ஒட்டுப்பட்டை இரண்டு.
எஜீதியோ அதை வளைத்துக் காட்டினார்:
விரல் மடியும் இடத்தில்தான் மடிய வேண்டும்,
நடுவில் மடிந்தால் அது ஷூ இல்லை, காலுறை.
பின்பக்கத்தை அமுக்கினார், அமுங்கவில்லை.
நுனியில் தன் கட்டைவிரலை வைத்தார்,
இவ்வளவு இடம் சும்மா கிடக்கட்டும் என்று.

"வேறு நிறம்?"
"பழுப்பு உண்டு."
"பழுப்பா..."
"இன்னும் மோசம், சின்யோரா."

முதல் முறையாகச் சிரித்தாள்.
எழுந்து நின்றாள்.
கடைக்குள் கண்ணாடி வரை போனாள், கண்ணாடியைப் பார்க்கவில்லை.
திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.
எங்கேயோ ஒன்று குறைந்தது.
என்னவென்று தேடினாள்:
கடி.

காசு கொடுத்தாள்.
பழையதைப் பெட்டியில் போட்டுக் கையில் வாங்கிக்கொண்டாள்,
பிராணி எதையோ எடுத்துப்போவதுபோல,
உடம்பிலிருந்து சற்றே தள்ளி.

பேருந்து வந்தது, ஏறவில்லை.
அடுத்ததும் வந்து போயிற்று.
கடலுக்குள் நீளும் கல்மேடையில்
கடைசிவரை நடந்தாள்.
போரா முதுகில் கைவைத்துத் தள்ளியது.
தொப்பி போயிற்று.
காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றாள்,
கப்பல் மாலுமி போல,
அசிங்கமாக.

இரவு ஃபுல்வியா தொலைபேசினாள்.
பச்சை நிறக் கூர்மூக்கு ஷூவும்
சுவரைப் பிடித்த ஒரு கையுமாகவே
நகரம் முழுக்கச் சுற்றுகிறவள்.
"வாங்கிவிட்டாயா? என்ன அளவு எடுத்தாய்?"

சமையலறை நாற்காலியில் ஒந்தீனா.
இன்னும் கழற்றவில்லை.
உள்ளே பத்து விரலும்
புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் மாதிரி
அறை அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தன.

"முப்பத்தேழுதான்," என்றாள்.