ஓர் ஆள் இடைவெளி

கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை மனிதச் சங்கிலி.
போலீஸ் அனுமதி ஐந்து மணி வரைக்கும்தான்.

எனக்கும் மின்வாரிய எபனேசருக்கும் நடுவே
ஓர் ஆள் குறைந்தது.
அவர் துண்டின் மறுமுனையை
நான் பிடித்திருந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கேட்டாள்:
"என்னா க்யூ இது, ரேஷனா?"
"போரை நிறுத்தணும்னு."
"எந்த ஊர்ல?"
எபனேசர் எண்ணத் தொடங்கிப்
பாதியில் விட்டார்.

நண்டுப் பையைக் காலிடுக்கில் வைத்து
முந்தானையில் கை துடைத்தாள்.
ஈரம் போகவில்லை.
துண்டு அவர் தோளுக்குத் திரும்பியது.

குறுக்கே தண்ணீர் லாரி.
விட்டோம்.
லாரி போனதும்
அவள்தான் முதலில் கை நீட்டினாள்.

"சீக்கிரம் முடிஞ்சிருமா?"
வரிசையா, சண்டையா,
நான் கேட்கவில்லை.
பைக்குள் ஏதோ
இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.
ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.