புள்ளிக் கணக்கு

பாகம் எண் நூற்றுப் பதினான்கு.
கையில் பட்டியல், பேனா, தண்ணீர் பாட்டில்,
காரைக்குடி தாலுகா ஆபீஸ் கொடுத்த தொப்பி.
காலையில் அங்கன்வாடி.
மத்தியானத்துக்கு மேல்
நான்தான் தேர்தல் ஆணையம்.

சிவன்கோவில் தென்வீதியில் கதவைத் தட்டினால்
தேக்குதான் பதில் சொல்லும்.
பர்மாத் தேக்கு, நன்றாகவே சொல்லும்.
'பூட்டிய வீடு' என்று எழுதி எழுதிப்
பேனாவுக்கே மனப்பாடம்.

கதவு எண் பதினேழு.
நாற்பத்தொரு வாக்காளர், ஒரே விலாசம்.
இங்கே விலாசம் என்றால் முகவரி இல்லை;
அப்பச்சி, ஐயா, அவருக்கு ஐயா,
மூன்று எழுத்து, மூன்று புள்ளி.
கடல் தாண்டினாலும் கூடவே போகும்.

நாச்சியப்பன் கோலாலம்பூர்.
தெய்வானை ஆச்சி அடையாறு.
லெட்சுமணன் இறந்து ஏழு வருஷம்;
போன தேர்தலில்
காலை ஒன்பதரைக்கு வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்.

பட்டியலின் அடியில்
'வீடு வீடாகச் சென்று சரிபார்த்தேன்'
என்று கையெழுத்திட்டவள் நான்.
அங்கன்வாடி நிழலில் உட்கார்ந்து போட்டேன்.
அன்றைக்கு வெயில்.
இன்றைக்கும் வெயில்தான்.

உள்ளேயிருந்து சாவிக்கொத்துச் சத்தம்.
அடைக்கலம்.
பதினைந்து வருஷமாய் இந்த வீட்டுக்கு விளக்குப் போடுகிறவர்,
வௌவால் விரட்டுகிறவர்,
ஷூட்டிங்காரர்களுக்கு வளவைத் திறந்துவிட்டு
ஃப்ரேமுக்கு வெளியே நிற்கிறவர்.
அறுபத்து நான்கு சாவி.
மனைவி பஞ்சவர்ணம். மகள் காளீஸ்வரிக்குப்
பதினெட்டு முடிந்து நாலு மாதம்.
மூவருக்கும் எந்தப் பாகத்திலும் பெயரில்லை.

கரண்ட் பில் நாச்சியப்பன் பேரில்.
ரேஷன் கார்டு திருப்பத்தூர்ப் பக்கம்,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டில்.
முகப்பு என் பாகத்தில்;
இவர்கள் புழங்கும் பின்கட்டுக் கதவோ
அடுத்த தெருவில், நூற்றுப் பதினைந்தில்.
'உங்க ஆளுங்க' என்கிறார் நூற்றுப் பதினைந்து.

வீடியோ காலில் நாச்சியப்பன் வந்தார்.
தன்மையான மனிதர்.
சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார்:
'தப்பா நினைக்காதீங்க.
இன்னைக்கு ஓட்டும்பாங்க,
நாளைக்குப் பட்டாம்பாங்க.'
அடைக்கலம் தன் கால்விரலைப் பார்த்தபடி,
'வேணாம் டீச்சர், சாவியை வாங்கிருவாக.'

காளீஸ்வரி மட்டும் நகரவில்லை.
மூன்று வயதில் என்னிடம் சத்துமாவு உருண்டைக்கு
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு
நின்ற அதே நிற்பு.
இவள் இந்த ஊரில் இல்லை என்று
எந்தக் கட்டத்தில் நான் டிக் அடிப்பது?

கையேட்டைப் புரட்டினேன்.
வீடற்றவர் என்றால் சான்று வேண்டாம்;
இரவில் போய்ப் பார்க்க வேண்டும்,
சொன்ன இடத்தில் உறங்குகிறாரா என்று.
அறுபத்து நான்கு சாவி வைத்திருப்பவரை
'வீடற்றவர்' என்று எழுதக் கை வரவில்லை.
'எழுதுங்க டீச்சர்,' என்றாள்,
'பொய்யில்லையே.'

இரவு பதினொன்றரை. டார்ச்.
உறங்குகிறார்களா என்று பார்க்கப் போனவளுக்காக
விழித்திருந்தார்கள் தாயும் மகளும்.
பஞ்சவர்ணம் வரக்காப்பி நீட்டினாள்.
அடைக்கலம் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி
குறட்டைவிட்டுக் கிடந்தார்.
நிஜக் குறட்டை அப்படி இருக்காது.

இந்த ஊரில்
கல்யாணம் முடித்தால் ஒரு புள்ளி,
கோவில் ஏட்டில் ஏறும்.
காசு சேர்ந்தால் பெரும்புள்ளி.
எனக்குத் தெரிந்து இவர்களுக்கு வரக்கூடிய புள்ளி ஒன்றுதான்,
இடதுகைச் சுட்டுவிரலில்,
அதுவும் ஒரு மாதத்தில் நகத்தோடு வளர்ந்து போய்விடும்.

இன்னும் இரண்டு இரவு வர வேண்டும்.
பிறகு ஆட்சேபனைக்கு ஏழு நாள்.
வரும். யார் பேரில் வரும் என்பதும் தெரியும்.
லெட்சுமணன் பேரை அடிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும்
டீக்கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

படிவத்தை டார்ச் வெளிச்சத்தில் நீட்டினேன்.
அவளே எழுதினாள்.
முன்னால் ஒரே ஓர் எழுத்து, ஒரு புள்ளி:
அ. காளீஸ்வரி.
அந்தப் புள்ளியைத்
தாள் பொத்துப்போகிற அளவுக்கு அழுத்தி வைத்தாள்.