நனைய வேண்டாமென்று

ஜட்லாந்தில், பார்லி அறுத்த வயலில்
ஆறு நாளைக்கு ஓர் ஊர்.
மூவாயிரம் பேர் வந்திறங்குமுன்
நாங்கள் பதினோரு பேர், மழை,
எட்டு கிலோமீட்டர் கேபிள்.

காற்றிலேயே வராதா என்றார் வயல்காரர் அஸ்கர்.
வரும். மூவாயிரம் பேரும் ஒரே காற்றில் பேசினால்
அது சந்தை.
சரி, டிராக்டர் தடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று
போய்விட்டார்.

ஸ்விட்சுகளுக்குக் குடியிருப்பு
பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகள், நாற்பத்திரண்டு.
யாரும் உட்காராத புதுசு என்று
மைக்கென் கேட்காதவர்களிடமும் சொல்வாள்.
கூரை உண்டு, பூட்டு உண்டு, சூடு வெளியேற ஓட்டை உண்டு.
ஆனாலும் நள்ளிரவில் யாராவது
அவசரமாய்க் கதவைத் தட்டத்தான் செய்தார்கள்.

இரண்டாம் இரவு, மணி இரண்டு பத்து.
வலை நின்றது.
நின்றதென்றா சொல்வது,
எல்லா விளக்கும் பச்சை, எல்லாம் வெறிபிடித்துத் துடிக்க,
இந்த முகவரி யாருடையது என்று
யாரோ ஒரு தடவை கேட்ட கேள்வி
போன வழியே திரும்பி வந்து
மறுபடி கேட்டு, மறுபடி வந்து,
பதில் நுழைய இடமில்லாமல்
வயல் முழுக்க அந்த ஒரே கேள்வி.

நாற்பத்தொரு கூண்டில் காவல் போட்டிருந்தேன்.
ஒன்றில், சூப் ஆறுகிறதே என்று
அப்புறம் பார்த்துக்கொள்ள நினைத்தேன்.

கூண்டு கூண்டாய்ப் பிடுங்கிக்கொண்டே போய்
பதினேழாம் வரிசைக் கூடாரத்தில் நின்றேன்.
மேசைக்கடியில் ஒரே கம்பியின் இரு முனையும்
பக்கத்துப் பக்கத்துத் துளையில்.

லிஸ்பெட், ஓடென்ஸவில் பல் மருத்துவர்,
மகனுக்குத் துணையாக வந்தவர்,
தூக்கப்பையிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்:
தாளுக்குள் ஒரு முனை கிடந்தது.
மழை பெய்தது.
ஒரு துளை காலியாய் இருந்தது.

உருவினேன்.
தூரத்தில் ஒரு கூடாரம் கைதட்ட, இன்னொன்று,
அப்புறம் எல்லாம்.
ஏதாவது தப்பாகிவிட்டதா என்றார்.
கூண்டில் கோளாறு என்றேன்.
அதுவும் உண்மைதான்.

ஏழாம் நாள் கேபிள் சுருட்டும்போது பார்க்கிறேன்,
பதினேழாம் வரிசையில் செருகாத முனை ஒவ்வொன்றுக்கும்
சாண்ட்விச் பை மாட்டி
ரப்பர் வளையம் போட்டிருந்தது.
ஒன்றில் மட்டும் எப்படியோ தண்ணீர் புகுந்திருந்தது.
கொட்டிவிட்டு,
முனையைச் சட்டையில் துடைத்துச்
சுருட்டினேன்.