மூடாத கதவு

புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய
பதினொரு கார்க் கதவுகள்.
ஒன்பதை வெட்டி ஒட்டி நிலைச்சட்டம் செய்தேன்.
பத்தாவது நடுவில் ஆட வேண்டும்,
ஆனால் மூடக் கூடாது என்றார் ஹெப்சிபா மேடம்.
மூடாத கதவுக்குக் கீல் எதற்கு என்றேன்.
காற்றுக்கு என்றார்.

ஒடுக்கு எடுக்கவும் விடவில்லை.
யாரோ ஒருவரின் முழங்கால் பட்ட குழி
அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை பெசன்ட் நகர் மணலில் இறக்கினோம்.
'சமாதானம்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள்.
நாலு மணிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பேச்சே இல்லை.
இரண்டு பக்கமும் கடற்கரை திறந்து கிடக்க
ஜனங்கள் வரிசை கட்டினார்கள்,
இதன் வழியாகத்தான் அலைக்குப் போவோம் என்று.

ஐந்தரைக்கு வரிசையில் சண்டை.
யார் முந்தி. சட்டைக் காலர் வரை போயிற்று.
ரோந்து வந்த ஏட்டு என்னைத்தான் கேட்டார்,
"ஏம்பா, இது என்ன, போராட்டமா?"
"இல்ல சார், வெல்டிங்."

கடல்காற்று கதவைச் சாத்தப் பார்த்தது.
அவர் விடவில்லை. கை நடுங்கியது.
நடுக்கம் இரும்பில் ஏறி
கீல் கிரீச்சென்றது. எண்ணெய் விட மறந்தது நான்தான்.
அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் திரும்பினார்கள்,
காலரை விடாமலே.

இருட்டியதும் பிரித்து லாரியில் ஏற்றினோம்.

பதினோராவது பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
கண்ணாடி இல்லை. இறக்கும் பிடி மட்டும் சுற்றுகிறது.
சாப்பாட்டு நேரத்தில்
சும்மா சுற்றிப் பார்க்கிறேன்.