பதினேழாவது பெயர்

ஹெலினா. பிப்ரவரி. காலை ஒன்பது மணி.
மொன்டானா சட்டசபையின் மூன்றாம் மாடியில்
வெந்நீர்க் குழாய்கள் இருமிக்கொண்டிருந்தன.
நான் குறிப்பெழுதுகிறவள்.
ஒலிவாங்கி முன் சொன்னது மட்டும் பதிவு.
பெருமூச்சு பதிவல்ல.
ஆளுக்கு இரண்டு நிமிடம்,
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.

வீடு வீடாகப் போய்
நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு
மருத்துவக் காப்பீடு கேட்கும் மசோதா.
அன்று 'செலவு' என்ற சொல் நாற்பத்தோரு முறை வந்தது.
தட்டச்சு செய்த விரல்களுக்குத்
தெரியாதா?

பட்டியலில் பதினேழாவது
லொரெட்டா ஸ்கோக்லண்ட்.
ஹேவரிலிருந்து இரவெல்லாம் பனியில் ஓட்டி வந்தவள்.
கூடவே சக்கர நாற்காலியில் டுவைட்.
சரக்கு ரயிலுக்கு பிரேக் போட்ட கைகள்
இப்போது ஒரு கரண்டியோடு மல்லுக்கட்டுகின்றன.
"இவரை விட்டுவிட்டு வர வேறு ஆள் இல்லை"
என்றாள் கையெழுத்திடும்போது,
ஏதோ தப்பு செய்தவளைப் போல.

நடைக்கூடத்தில் அவருக்கு ஏழு மாத்திரை கொடுத்தாள்,
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி.
பிறகு தன் பைக்குள்ளிருந்து
மடித்த காகிதம்; அதற்குள் பாதி மாத்திரை.
"ரத்த அழுத்தம். ஒன்றை இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்வேன்."
மணிக்கட்டில் பழைய துணிக்கட்டு.
குளியலறையில் அவர் சரிந்தபோது பிடித்ததாம்.
"அவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை.
எனக்கு எடுக்கவில்லை,
அதனால் எனக்கும் ஒன்றுமில்லை."
சிரித்தாள்.
என் பணப்பையில் காப்பீட்டு அட்டை இருந்தது.
பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்து.

பதினைந்தாவது ஆள் அழுதார். சிவப்பு.
பதினாறாவது ஆள் ஒரு கேள்வி கேட்டார்:
காய்ச்சலோடு நான் வேலைக்குப் போனால் அவளுக்குத் தொற்றும்,
போகாவிட்டால் அவள் கட்டிலிலேயே நனைந்து கிடப்பாள்,
இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?
யாரும் எழுதவில்லை. நான் மட்டும்.

அப்போது டுவைட்டின் இடப் புருவம் லேசாக ஏறியது.
அந்த அறையில் நூறு பேர்.
அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி.
எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.
சக்கரம் நுழையும் கழிப்பறை தரைத்தளத்தில்.
லிஃப்டுக்கு வயது அதிகம்.

தலைவர் அழைத்தார்: லொரெட்டா ஸ்கோக்லண்ட்.
இன்னொரு முறை.
காலி இருக்கையில் ஒற்றைக் கையுறை,
மூன்று பக்கம் கையெழுத்து,
ஓரங்களில் அடித்துத் திருத்தியது.
பதினேழு. வரவில்லை, என்று அடித்தேன்.
ஐந்தெழுத்து. பொய் இல்லை.
உண்மையுமில்லை.

அவள் திரும்பியபோது
அவருக்கு வேறு கால்சட்டை, வாரிய தலை.
குழு கலைந்து சாப்பிடப் போயிருந்தது.
"எழுதியதையாவது தரலாமா?"
எழுத்து மூலம் தரும் கெடு நேற்று ஐந்து மணியோடு முடிந்தது.
சொன்னேன். அவள் தலையாட்டினாள்,
கெடுக்களோடு பழகிய தலை.

டுவைட் பேச ஆரம்பித்தார்.
ஒரு சொல் வர
மொத்தப் பச்சை விளக்கும் தீர்ந்திருக்கும்.
"எழுது," என்றார்.
"அவள்.
வேலையில்.
இருந்தாள்."

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன்.
வேனுக்குள் நாற்காலியைக் கட்ட நான்கு கொக்கி.
மூன்றாவதுக்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.
பல்லால் பட்டையை இழுத்தாள்.
முன்கண்ணாடியில் பனி ஏறிக்கொண்டே இருந்தது.

குறிப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை.
எழுத்துப்பிழை மட்டும் சரிசெய்யலாம்.
சரிசெய்தேன்.
பதினேழு: பணியில்.

மசோதா இன்னும் குழுவில்தான் கிடக்கிறது.
அந்த ஒற்றைக் கையுறை என் மேசை இழுப்பறையில்.
அடுத்த விசாரணைக்கு வருவாள்,
புருவம் அனுமதித்தால்.