இருபது மீட்டர் வட்டம்

நாற்பத்து மூன்று வயதில்
பலகைமேல் நின்றுதான் ஏறினேன்,
இரண்டாவது முயற்சியில்.
குதிரையின் பெயர் மண்டே.
திங்கட்கிழமை எனக்குத் தருகிற பெருமூச்சை
அது எனக்கே திருப்பித் தந்தது.

துவாஸில் கொள்கலன் பழுதுபார்க்கும் கம்பெனியில்
கணக்கெழுதுகிறவள் நான்.
நடக்கத் தடுமாறும் பிள்ளைகளைக்
கிராஞ்சிப் பக்கம் ஒரு லாயத்தில்
குதிரைமேல் ஏற்றிக் கூடவே நடந்தேன்,
நாலு வருஷம், சனிக்கிழமைதோறும்,
ஒரு கை சேணத்தில், ஒரு கை பிள்ளையின் கணுக்காலில்.
பிறகு சொன்னார்கள்:
பயிற்றுநர் சான்றிதழ் வேண்டுமென்றால்
நீயும் ஓட்டிக் காட்ட வேண்டும்.
நடை, துள்ளோட்டம், இருபது மீட்டர் வட்டம்,
கடிவாளம் தளராமல்.

உயர்நிலைப் பள்ளியில்
குதிரைக்குக் கதி ஐந்து என்று மனப்பாடம் செய்தவள்:
மல்லன், மயில், வானரம், முயல், அம்பு.
மண்டேக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.
அதனிடம் இருந்தது ஒரே கதி.
அதுவே என் கதி.

எழ வேண்டிய நேரம் உட்கார்ந்தேன்,
உட்கார வேண்டிய நேரம் எழுந்தேன்.
காலை ரயிலில், பூன் லேக்கும் ஜூ கூனுக்கும் நடுவே,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
குதிகாலைத் தாழ்த்திப் பழகினேன்.
பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் விலகினார்.
வாசனையாலா, வித்தையாலா, தெரியவில்லை.

ஜூனில் விழுந்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் பை பறந்தது.
குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள்.
மண்டே குழி பறிக்கவில்லை.
திரும்பி வந்து என் தலைக்கவசத்தை முகர்ந்தது.
இடுப்பில் மூன்று வாரம் ஊதாநிறம்.
அப்புறம்தான் புரிந்தது
ஏறும்போதெல்லாம் சூ யின்
என் சட்டைக் காலரை ஏன் திருகுவாள் என்று.
அதுவரை அந்த விரல்களைப் பிரித்தெடுத்து
"பயப்படாதே" என்றவள் நான்.
எத்தனை லேசாகச் சொன்னேன்.

சூ யின்னுக்கு ஒன்பது வயது.
தொடைகள் கத்தரிக்கோல்போல் இறுகும்.
குதிரையின் சூடு ஏற ஏற, பத்தாம் நிமிடம்
ஒன்றையொன்று விட்டுவிடும்.
அப்போது பார்க்க வேண்டும் அவள் உட்காருவதை,
உச்சியில் நூல் கட்டித் தூக்கினாற்போல.
என்னைப் பற்றி அவளே சொன்னாள், சிரிக்காமல்:
"டீச்சர், அரிசி மூட்டை."

தேர்வு நாள். மதியம் இரண்டு மணி.
பெர்த்திலிருந்து வந்த தேர்வாளர்
தொப்பியால் விசிறிக்கொண்டே பார்த்தார்.
வட்டம் போட்டேன். முட்டையானது.
மறுபடி போட்டேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு.
அவர் பேனா நகர்ந்தது.

அடுத்து, பாடம் நடத்தும் பகுதி.
சூ யின் மேலே, இருபுறமும் தொண்டூழியர்கள்.
மூலை திரும்பும்போது
மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழன்றது, சங்கு ஊதியது.
மழை இன்னும் ஜொகூர் பக்கம்தான்.
என்றாலும் விதி விதிதான், உடனே இறக்க வேண்டும்.
மண்டேயின் காதுகள் பின்னால் படிந்தன.
சூ யின் என் காலரைப் பிடித்தாள்.
விரல்களை நான் பிரிக்கவில்லை.
"எனக்கும் பயம்தான்" என்றேன்.
"மூன்று எண்ணப் போகிறேன்."
ஒன்று. அங்கவடியிலிருந்து பாதங்கள் வந்தன.
இரண்டு. கழுத்தோடு சாய்ந்தாள்.
மூன்றை அவள்தான் சொன்னாள், கத்தி.
என் தோளில் வந்து இறங்கியது,
வியர்த்து, கனத்து,
ஓர் அரிசி மூட்டை.

பாடம் நடத்துதல்: தேர்ச்சி.
குதிரையேற்றம்: மூன்று மாதத்தில் மறுதேர்வு.
"உன் சான்றிதழ் குதிரைக்கொம்புதான் போல"
என்றார் அலுவலகத்தில் சோலையப்பன்,
சொல்லிவிட்டுத் தானே ரசித்துக்கொண்டு.

சனிக்கிழமை மண்டேயின் குளம்பில் சிக்கிய கல்லை
நெம்பி எடுத்துவிட்டு ஏறினேன்.
வட்டம் இன்றைக்கும் முட்டைதான்.
வேலியோரம் சக்கர நாற்காலியில்
முறைக்குக் காத்திருந்தவள்
தன் தலைக்கவசத்தைத் தட்டித் தட்டி
கூவிக்கொண்டிருந்தாள்:
கீழே பார்க்காதே டீச்சர்,
போகிற இடத்தைப் பார்.